கீழணை முதல் கிள்ளை வரை: நம் நடைக்குழுவின் கணக்கு

(சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நடைக்குழுவைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். பத்து நிமிஷத்தில் முடிப்பேனா என்று என் மனைவிக்குச் சந்தேகம். நான் வங்கியில் முப்பத்தைந்து வருஷம் குமாஸ்தா. கவுண்டருக்கு முன்னால் வரிசை நின்றால் வேகமாக முடித்துத்தான் பழக்கம். அதனால் மூன்று விஷயம் மட்டும் சொல்கிறேன். எங்கே நடந்தோம், நடந்ததில் என்ன கண்டோம், உங்களிடம் என்ன கேட்கிறோம். மூன்றாவதுதான் முக்கியம். அதற்கு முன் யாரும் எழுந்து போய்விடாதீர்கள். பொங்கலும் வடையும் அதற்குப் பிறகுதான்.

நம் குடியிருப்பின் சுற்றுச்சுவரை ஒட்டி நடந்தால் ஒரு சுற்று ஏறத்தாழ நானூறு மீட்டர். காலையில் எட்டுச் சுற்று வந்தால் மூன்று கிலோமீட்டர் தாண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது போதும் என்று டாக்டர் சொல்லுவார். ஆனால் எட்டாவது சுற்றிலும் அதே ஜெனரேட்டர், அதே தண்ணீர்த் தொட்டி, அதே மூன்று கார்கள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஐந்து பேர், "கேட்டுக்கு வெளியேதான் இவ்வளவு வயல் கிடக்கிறதே" என்று சொல்லிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வெளியே இறங்கினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு நடைதான். மழை மாதங்களில் மட்டும் விட்டுவிடுவோம். பழக்க தோஷத்தால் நான் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், கிலோமீட்டர், ஆட்கள், டீச் செலவு. வரவு என்று ஒரு பத்தி கிடையாது. அதை வேறு விதமாகத்தான் எழுத வேண்டும். அதற்குத்தான் இந்தப் பேச்சு.

நம் கீரப்பாளையம் பக்கத்துக்கு மலை கிடையாது, காடு கிடையாது. பின் எங்கே நடப்பது என்று வெளியூர் நண்பர்கள் கேட்பார்கள். நமக்கு இருப்பது தண்ணீர். தண்ணீர் போகும் இடமெல்லாம் கரை உண்டு, கரை உள்ள இடமெல்லாம் நடக்கப் பாதை உண்டு. இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்களுக்கு வழி தேட வேண்டிய அவசியமே வரவில்லை.

ஒரு வருஷம், நம் வயலுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பின்னாலேயே நடந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒரே மூச்சில் நடக்கிற வயது இல்லை. அதனால் தவணை முறை. ஒரு தவணை முடிந்த இடத்தில் அடுத்த மாதம் பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து மறுபடி நடை. ஆறு தவணையில் கணக்கைத் தீர்த்தோம். பதிவேட்டில் மொத்தம் 76 கிலோமீட்டர்.

முதல் தவணை அணைக்கரையில். கொள்ளிடத்தின் குறுக்கே அங்கே இருப்பது கீழணை. 1836ல் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. அங்கிருந்து பிரியும் வடவாறுதான் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. இருபது கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அதன் கரையில் நடக்க இரண்டு ஞாயிறு ஆனது. வெயில் ஏறுவதற்குள் பாதியில் நிறுத்தி, கிடைத்த டவுன் பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்பினோம். யாரும் அவமானப்படவில்லை.

மூன்றாவது தவணை வீராணம் ஏரிக்கரை. இதைப் பற்றி நம்மில் பலருக்கும் தெரியும், ஆனால் காரில் போகும்போது பார்த்ததுதான். ஏரி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் இராஜாதித்தன் வெட்டியது. வீரநாராயணன் என்பது பராந்தகனின் பட்டப்பெயர். வீரநாராயணன் ஏரி என்பதுதான் பேச்சில் தேய்ந்து வீராணம் ஆயிற்று. கல்கியின் பொன்னியின் செல்வன் ஆரம்பிப்பதே இந்தக் கரையில்தான், ஆடிப் பதினெட்டாம் நாள், வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். குதிரையில் வந்தவனை விட நாங்கள் அதிகம் பார்த்திருப்போம் என்று எங்கள் குழுவில் ஒரு அம்மா சொல்லுவார்.

மேற்கே பார்த்தால் கடல் மாதிரி தண்ணீர். கிழக்கே பார்த்தால் உங்கள் காலுக்குக் கீழே, ஏரியின் தண்ணீர் மட்டத்தை விடத் தாழ்வாக, வயல்கள். கரையில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தால்தான், இந்த ஒரு மண்மேடு உடைந்தால் என்ன ஆகும் என்பது உறைக்கும். முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 47.50 அடி. மழைக்காலத்தில் பேப்பரில் வீராணம் மட்டம் இத்தனை அடி என்று போடுகிறார்களே, அந்த எண்ணை நாங்கள் இப்போது வேறு மாதிரி படிக்கிறோம். கிழக்குக் கரையில் வரிசையாக மதகுகள். ஒவ்வொரு மதகிலிருந்தும் ஒரு வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து மடை. இப்படி 44 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. வட கோடியில் பூதங்குடியில் பெரிய நீரேற்று நிலையம். 2004 முதல் அங்கிருந்து குழாயில் சென்னைக்குக் குடிநீர் போகிறது. சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகள் குடிப்பதும் இந்த ஏரித் தண்ணீரில் ஒரு பங்குதான் என்று தெரிந்தபோது, பலரும் அன்று இரவே போன் போட்டுச் சொன்னார்கள்.

நான்காவது சேத்தியாத்தோப்பிலிருந்து வாய்க்கால் கரைகளாகவே நம் கீரப்பாளையம். ஐந்தாவது இங்கிருந்து சிதம்பரம். ஆறாவது சிதம்பரத்திலிருந்து கிள்ளை. கிழக்கே போகப் போக மண்ணின் நிறம் மாறும், தண்ணீரின் ருசி மாறும். கடைசியில் பிச்சாவரத்துச் சதுப்பில் சுரபுன்னை மரங்கள் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும். 2022ல் அதை ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். அணைக்கரையில் பார்த்த தண்ணீரில் நம் வயல்கள் குடித்தது போக மிச்சம் உப்போடு கலக்கிற இடம் அது. அன்று கிள்ளையில் டீ குடித்தபோது எங்களில் ஒருவர், "நாப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், இப்பதான் இந்த ஊருக்கு வந்தாப்ல இருக்கு" என்றார்.

இப்படி நடப்பது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்த புதுமை இல்லை. இந்த மண்ணில் நடை என்பது எப்போதும் உண்டு. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிழக்கே கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். அங்கே தர்காவின் சார்பில் இஸ்லாமியர்கள் அவரை மரியாதை செய்து வரவேற்பது வழக்கம். தைப்பூசத்துக்கு எல்லாத் திசையிலிருந்தும் வடலூருக்கு ஜனங்கள் நடந்து போவார்கள். வள்ளலார் பிறந்த மருதூரும், 1867ல் அவர் தருமச்சாலை தொடங்கிய வடலூரும் நம்மிடமிருந்து நடக்கிற தூரம்தான். ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களைக் கடலூர் – சிதம்பரம் சாலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள்.

நடையால் நாட்டையே அசைத்த கதையும் பக்கத்தில்தான். 1930ல் ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார்கள். ஏப்ரல் 13ல் புறப்பட்டு 28ல் சேர்ந்தார்கள். தூரம் 150 மைல், நம் கணக்கில் 240 கிலோமீட்டர். வழியில் தங்கியதையும் சேர்த்து 16 நாள் என்றால் சராசரி ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர். தொண்டர்களுக்குச் சோறு போட்டால், தங்க இடம் கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியில் மரக்கிளைகளில் கட்டி வைத்தார்கள். கிளையில் தொங்கும் பொட்டலத்துக்கு யாரைக் கைது செய்வது? சித்திரை வெயிலில் அவர்கள் நடந்த அந்த 15 கிலோமீட்டர்தான் எங்கள் குழுவுக்கும் மேல் வரம்பு. நாங்கள் நடப்பது தை மாதக் குளிரில், அதற்கே மறுநாள் தைலம் தேடுகிறோம்.

சரி, நடந்ததில் என்ன கண்டோம்? பயிரைக் கண்டோம். சம்பா கதிர் முற்றி அறுப்புக்கு நிற்கும்போதே, அந்தப் பயிருக்குள் ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்த பிறகு, அடித்தாளுக்கு நடுவே உளுந்து தானாகத் தலை தூக்கும். உழவும் கிடையாது, தண்ணீரும் தனியாகக் கிடையாது, பனியிலும் மிச்ச ஈரத்திலும் விளையும். நாம் தினமும் சாப்பிடும் இட்லியில் பாதி இப்படித்தான் வருகிறது. கதிர் அறுக்கும் இயந்திரம் நனைந்த வயலில் இறங்கினால் அந்த உளுந்துச் செடி நசுங்கிப்போகும். அறுப்பு நேரத்தில் ஒரு மழை பெய்தால் நெல்லும் போய் உளுந்தும் போகும் என்று ஒரு விவசாயி எங்களுக்குக் கரையில் உட்கார்ந்து விளக்கினார். பயிர்க்கடன் விண்ணப்பத்தில் "பயிர்: நெல், உளுந்து" என்று எத்தனை ஆயிரம் தடவை நான் எழுதியிருப்பேன். அந்தக் காற்புள்ளிக்குள் இவ்வளவு இருக்கிறது.

சேதத்தையும் கண்டோம். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்த பிறகு வடக்கே பண்ருட்டிப் பக்கம் போனோம். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. பாட்டன் நட்டதைப் பேரன் வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். அன்று யாரும் அதிகம் பேசவில்லை. 2020 டிசம்பரில் புரெவி மழையில் சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு நடந்தபோது, எந்த வடிகால் தூர்ந்திருந்தது, எந்த வடிகாலில் வீடு வந்திருந்தது என்பதை வயல் பார்த்தே சொல்ல முடிந்தது.

இப்போது பாதையைப் பற்றி. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

சில வருஷம் முன்பு, நாங்கள் வழக்கமாகப் போகும் ஒரு வாய்க்கால் கரையில் முள்கம்பி வேலி நின்றது. பக்கத்தில் புதிதாக மனை பிரித்திருந்தார்கள். நாங்கள் சுற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஏறினோம். அங்கே களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா சொன்னார்: "நீங்க மாசத்துக்கு ஒருக்கா வர்றீங்க சார், சுத்திப் போயிடுவீங்க. நாங்க தினம் ரெண்டு தடவ போவணும். பிள்ளைங்க லாரி ஓடற ரோட்டுலதான் பள்ளிக்கூடம் போவுது." அந்த வார்த்தைக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் குழுவில் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் உண்டு. அரசாங்க இணையதளத்தில் கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேடும் புலப்படமும் யாரும் பார்க்கலாம். பார்த்தார். அந்தக் கரை யாருடைய பட்டாவிலும் இல்லை. வாய்க்கால் புறம்போக்கு என்று தெளிவாக இருந்தது. அந்தத் தாள்களைப் பிரதி எடுத்து ஊர்க்காரர்களிடம் கொடுத்தோம். கேட்க வேண்டியவர்கள் அவர்கள், நாங்கள் இல்லை. அக்டோபர் 2 கிராம சபையில் அவர்களே எழுந்து பேசித் தீர்மானம் போட்டார்கள். அதன் பிறகு மனு, நினைவூட்டு, அளவீடு, மறுபடி மனு. பதினான்கு மாதம் ஆயிற்று. வேலி நகர்ந்தது. முன்பு மாட்டுவண்டி போன கரையில் இப்போது இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம், அவ்வளவுதான் மீண்டது. ஆனால் பிள்ளைகள் ரோட்டுக்கு ஏறுவதில்லை.

இன்னொரு பாதை மீளவில்லை. அது பட்டா நிலத்தின் ஓரமாகப் போன ஒற்றையடிப் பாதை. எந்தப் படத்திலும் கிடையாது. மூன்று தலைமுறையாக நடந்தார்கள் என்பது மட்டும்தான் ஆதாரம். 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, இருபது வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாக நடந்த வழிக்கு உரிமை கோரலாம். ஆனால் அதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்கள் யார் வாய்தாவுக்கு அலைவது? அந்த நிலத்தின் சொந்தக்காரரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. வரப்பைக் கடந்து மாடு இறங்கினால் நஷ்டம் அவருக்குத்தான். பேசிப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. என் பதிவேட்டில் அந்த வழிக்கு எதிரே "மூடப்பட்டது" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் இதற்காகப் பெரிய போராட்டமே நடந்திருக்கிறது. 1932 ஏப்ரல் 24ல் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில், பணக்காரர்கள் வேட்டைக்காக அடைத்து வைத்திருந்த இடத்தில், ஆலைத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் ஏறி நடந்தார்கள். சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். 1949ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஊர் ஊராக, மக்கள் நடக்கும் பாதைகளை எல்லாம் வரைபடத்தில் குறித்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லிற்று. 1965ல் பென்னைன் வே என்ற நெடும்பாதையைத் திறந்தார்கள், சுமார் 430 கிலோமீட்டர். அங்கே உல்லாசத்துக்கு நடக்கிறவர்கள் கேட்டு வாங்கினார்கள். இங்கே வயலுக்கும் பள்ளிக்கும் சுடுகாட்டுக்கும் நடக்கிறவர்களுக்கு அதை விட அவசியம் அதிகம். நம்மிடம் படம் இல்லாமல் இல்லை. கிராமத்துக்குக் கிராமம் புலப்படம் இருக்கிறது. படத்தில் உள்ள பாதை தரையில் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பவர்கள்தான் இல்லை. மாதத்துக்கு ஒரு தடவை நாம் நடந்தால், பாதை மூடிய முதல் மாதமே ஒருவருக்காவது தெரிந்துவிடும். வேலிக்குள் கட்டடம் எழும்பிய பிறகு தெரிந்து என்ன பிரயோஜனம்?

நடக்க வருகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயம். நம் பக்கம் நடக்க நல்ல காலம் தை முதல் பங்குனி பாதி வரை. விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் ஒன்பதரைக்கு முடித்துவிட வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய், சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையும் பிஸ்கட்டும். வழுக்காத மூடிய காலணி, கையில் ஒரு கம்பு. வரப்பில் எப்போதும் ஒற்றை வரிசை. நாற்றங்காலுக்குள் கால் வைக்கக் கூடாது, யாருடைய இளநீரையும் கேட்காமல் தொடக் கூடாது. கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் நம் வயல்களில் உண்டு. கடித்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறி உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108க்குப் போன் செய்து நேராக அரசு மருத்துவமனை. பதினான்கு வருஷத்தில் ஒரு முறை கூட அந்த நிலை வரவில்லை. கம்பைத் தட்டிக்கொண்டு நடந்தால் பாம்பு தானாக விலகிப் போய்விடும், அதற்கு நம் மேல் ஒரு விரோதமும் கிடையாது.

கடைசியாக, உங்களிடம் கேட்பது. ஒரு காலத்தில் எங்கள் குழுவில் பத்தொன்பது பேர். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள். சிலர் பிள்ளைகளோடு வெளியூர் போய்விட்டார்கள். சிலருக்கு முட்டி ஆபரேஷன். போன மாதம் வந்தது ஆறு பேர். அதில் நாலு பேருக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. அடுத்த தை வரும்போது இந்த ஆறு நாலாகும், பிறகு பதிவேட்டை மூடி அலமாரியில் வைக்க வேண்டியதுதான். எனக்கு வருத்தம் நடை நின்றுவிடும் என்பதில் இல்லை. எட்டுச் சுற்று நடக்கச் சுற்றுச்சுவர் இருக்கிறது. எந்த மதகிலிருந்து எந்த வாய்க்கால், எந்தக் கரை புறம்போக்கு, எந்த வடிகால் தூர்ந்தது என்று தெரிந்தவர்கள் இந்தக் குடியிருப்பில் யாரும் இல்லாமல் போய்விடுவார்கள். நம் கட்டடமும் ஒரு காலத்தில் வயல்தான். மழை வந்தால் நம் கீழ்த்தளத்துத் தண்ணீரும் அதே வடிகாலில்தான் போயாக வேண்டும்.

அதனால் மூன்று கோரிக்கை. முதலாவது, வீட்டுக்கு ஒருவர் வருஷத்துக்கு ஒரு முறையாவது எங்களோடு வாருங்கள். ஐந்து கிலோமீட்டர் நடையும் வைத்திருக்கிறோம், பாட்டிமார்களும் வரலாம். இரண்டாவது, எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளை அனுப்புங்கள். புலப்படத்தை மொபைலில் பார்க்க எங்களை விட அவர்களுக்குச் சீக்கிரம் வரும். எங்களுக்குப் பாதை தெரியும், அவர்களுக்குப் படம் தெரியும். மூன்றாவது, என்னிடம் உள்ள பதிவேட்டைப் பிரதி எடுத்து, எல்லா வழிகளையும் ஒரு படமாக வரைந்து சங்க அலுவலகத்தில் வைக்க யாராவது இரண்டு இளைஞர்கள் முன்வர வேண்டும். சொல்லிக் கொடுக்க நான் தயார், டீச் செலவும் என்னுடையது.

அடுத்த நடை வருகிற இரண்டாவது ஞாயிறு. சேத்தியாத்தோப்பிலிருந்து ஏரிக்கரையில் ஏழு கிலோமீட்டர் மட்டும். ஐந்தரைக்கு மெயின் கேட். உளுந்து இப்போது பூ விட்டிருக்கும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் பொங்கல் பந்திக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன், எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.